உசிலம்பட்டியிலிருந்து சென்னைக்கு மூன்று நாள்: அம்மாவையும் பிள்ளைகளையும் எப்படிக் கூட்டிப்போவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டியிலிருந்து ஐந்து பேர்: நீங்கள், மனைவி, பத்தும் ஏழும் வயதான இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு இருக்கும் 68 வயது அம்மா. அரையாண்டு விடுமுறையில் முதல்முறையாகச் சென்னை. கையில் மூன்று நாள், குறித்து வைத்திருப்பது பதினேழு இடம். வேன் பேசுவதா ரயிலா, பதினேழையும் முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் உண்மையில் கேட்க நினைத்தது வேறு: அம்மா இரண்டாம் நாளே லாட்ஜில் படுத்துவிடாமல், பிள்ளைகளும் ஏமாந்துபோகாமல், இந்தப் பயணத்தை நடத்திக் கூட்டிவர முடியுமா? முடியும். பதினேழு இடத்தோடு முடியாது. ஆறு ஏழு இடத்தோடு நிச்சயம் முடியும்.

மதுரை ஜங்ஷன் எதிரே டிக்கெட் போட்டுக்கொடுப்பதும் குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்வதும்தான் பல வருடமாக என் தொழில். அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். பயணம் கெட்டுப்போவது பார்த்த இடம் குறைந்ததால் அல்ல. தங்கிய இடம் ஒரு மூலையிலும் பார்க்கும் இடங்கள் நாலா பக்கமும் இருந்ததால்தான் கெட்டுப்போகிறது. மதுரையில் கோயிலை நடுவில் வைத்து வீதிகள் சுற்றிச் சுற்றிப் போகும். எங்கே தொடங்கினாலும் அரை மணியில் எங்கேயும் போய்ச் சேரலாம். சென்னை அப்படி இல்லை. கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். காலையில் கோட்டை, மதியம் வண்டலூர், சாயங்காலம் மெரினா என்று போட்டால் அன்றைய பொழுதில் பாதி சாலையிலேயே போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

வேன் வேண்டாம் என்பதே என் கருத்து. திருச்சி, விழுப்புரம் வழியாக எட்டு ஒன்பது மணி நேரம் முழங்காலை மடக்கியபடி அம்மா உட்கார்ந்து வர வேண்டும். அதைவிட, செங்கல்பட்டு தாண்டியதும் விடுமுறை நாட்களில் நெரிசல் ஆரம்பித்துவிடும். ஊருக்குள் போனபின் வேனை நிறுத்த இடம் தேடுவதும், டிரைவர் தூங்க இடம் பார்ப்பதும் உங்கள் வேலையாகிவிடும். ரயிலில் என்றால் இரவு படுத்து காலையில் எழுந்து இறங்கலாம். மூன்றாம் நாள் மாமல்லபுரத்துக்கு மட்டும் சென்னையிலேயே ஒரு கார் பேசிக்கொண்டால் போதும்.

உங்களுக்கு வசதியான ரயில் இரண்டு. மதுரையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி விடியற்காலையில் எழும்பூர் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாதது இன்னொன்று. போடிநாயக்கனூரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இரவில் கிளம்பும் ரயில் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை வழியாக, கரூர், சேலம், காட்பாடி சுற்றிச் சென்னை சென்ட்ரலுக்குப் போகிறது. 2023 ஜூனில் போடி வரை அகலப்பாதை திறந்தபோது இது நீட்டிக்கப்பட்டது. கிளம்பும் நாள் பொருந்தினால் இதையே எடுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். ஆனாலும் உங்கள் ஊரிலேயே அம்மாவை ஏற்றிவிடலாம். மதுரை வரை பஸ், பிறகு ஆட்டோ, பிறகு ஜங்ஷன் படிக்கட்டு என்ற அலைச்சல் மிச்சம். ரயில் ஓடும் நாட்களும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில காலம் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று படித்துவிட்டே மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

முன்பதிவுதான் இந்தப் பயணத்தின் முதல் வேலை. முன்பு 120 நாளுக்கு முன்னால் போடலாம்; 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 26 இரவு ஏற வேண்டுமானால் அக்டோபர் 27 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். விடுமுறை வாரத்துக்கு அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். கீழ் படுக்கையைப் பற்றி ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. மூத்தோருக்கான தனி ஒதுக்கீட்டில் போட வேண்டுமானால் அந்த டிக்கெட்டில் தகுதி உள்ளவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும்தான் இருக்க வேண்டும். உங்களையும் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அம்மாவைத் தனி டிக்கெட்டாகப் பிரித்தால் அவர் ஒரு பெட்டியிலும் நீங்கள் ஒரு பெட்டியிலும் போய்விடலாம். நான் செய்வது இதுதான்: ஐந்து பேரையும் பொது ஒதுக்கீட்டில் ஒரே டிக்கெட்டில் போட்டு, ‘குறைந்தது ஒரு கீழ் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற தேர்வை டிக் செய்துவிடுவேன். முதல் நாளிலேயே போட்டால் அநேகமாகக் கிடைத்துவிடும். 45 வயது தாண்டிய பெண்களுக்கு இடம் இருந்தால் கீழ் படுக்கை தானாகவே ஒதுக்கப்படும் என்பதும் உங்களுக்குச் சாதகம். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை நம்பிப் பணக் கணக்குப் போடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்துக்குப் படுக்கை எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தட்கலுக்குப் போக வேண்டி வந்தால் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் போட முடியும். இப்போதே அதை முடித்து வையுங்கள்.

ரயில் கிடைக்கவே இல்லை என்றால் மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் தென் மாவட்டப் பஸ்கள் இப்போது கோயம்பேடு போவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து எழும்பூர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு மாநகரப் பஸ் மாறவும், இல்லையென்றால் டாக்சிக்கு ஒரு தொகை கொடுக்கவும் தயாராக இருங்கள்.

அரையாண்டு விடுமுறையைத் தேர்ந்தது நல்ல முடிவு. மே மாதமாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். மதுரை வெயில் சுடும், ஆனால் நிழலுக்குப் போனால் வியர்வை காய்ந்துவிடும். சென்னையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை உடம்பை விட்டுப் போகாது, வயதானவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். டிசம்பர் கடைசியில் அந்தப் புழுக்கம் குறைந்திருக்கும். மழையைப் பற்றி நியாயமாகச் சொன்னால், சென்னையை மூழ்கடித்த 2015 வெள்ளமும், 2016 வர்தா புயலும், 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் முதல் பாதியில் வந்தவை. கடைசி வாரத்தில் ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் ரத்து செய்யுங்கள். ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்ப வரும். இன்னொன்று, 25ஆம் தேதி சாந்தோம், பெசன்ட் நகர் பக்கமும், 31ஆம் தேதி இரவு மெரினா பக்கமும் போகாதீர்கள். கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் சேர்ந்து உங்களை நடக்க வைத்துவிடும்.

கிழமை பார்ப்பதை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி பாம்புப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய். கலங்கரை விளக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையும் திங்கள். பண்டிகைக் காலத்தில் வண்டலூரைச் செவ்வாயன்றும் திறப்பதுண்டு, முந்தின நாள் விசாரித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் புதன் காலை இறங்கி வெள்ளி இரவு ரயில் ஏறுவது உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். சனி, ஞாயிறு கூட்டமும் தப்பும்.

தங்க எழும்பூரையே சொல்வேன். மெட்ரோவும் புறநகர் ரயிலும் அங்கேயே இருக்கின்றன, அருங்காட்சியகம் பக்கத்தில், திரும்பும் ரயிலும் அங்கிருந்தே. கென்னட் லேன் பக்கம் நம் ஊர் டவுன்ஹால் ரோடு போல வரிசையாக லாட்ஜ்கள் உண்டு. திருவல்லிக்கேணியும் நல்ல இடம்தான், கடலுக்கு இன்னும் அருகே. தெருக்கள் குறுகல், இரவு சத்தம் அதிகம். போனில் அறை பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் ஓடுகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, 24 மணி நேரக் கணக்கா அல்லது மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா. மூன்றாவது கேள்வி பணத்தை நேரடியாகப் பாதிக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு அறைக்குள் போகிறவருக்கு 12 மணிக் கணக்கு என்றால் சில மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை போய்விடும். லிஃப்ட் ‘இருக்கிறது’ என்றால் போதாது, ‘ஓடுகிறது’ என்ற பதில் வர வேண்டும். ஐந்து பேரின் ஆதாரையும் அசலாகவே கொண்டுபோங்கள்.

ஊருக்குள் போக அம்மாவை வைத்துக்கொண்டு மெட்ரோவையும் செயலி ஆட்டோவையும் நம்புங்கள். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, பெட்டிக்குள் ஏசி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் மலிவு. வரைபடத்தில் பார்த்தால் திருமயிலை, கலங்கரை விளக்கம் எல்லாம் அதில்தான் வரும். ஆனால் அந்த நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன, நகரும் படிகள் ஓடாத நாட்கள் உண்டு. மூட்டுவலிக்காரரை அங்கே ஏற்றாதீர்கள். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லி வாதாடாதீர்கள். 2013இல் வைத்த கட்டணம் நெடுங்காலம் திருத்தப்படாமல் போனதால் மீட்டர் வழக்கமே அற்றுப்போய்விட்டது. செயலியில் காட்டும் தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். சாதாரண மாநகரப் பஸ்ஸில் நம் ஊரைப் போலவே பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பகல் பதினொரு மணி வாக்கில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

முதல் நாள் காலை இறங்கியதும் குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, தனித்தனிக் கட்டடங்களாக ஒரு பெரிய வளாகம். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் விட்டுப்போகும். இரண்டு போதும். பெரியவர்களுக்கு வெண்கலச் சிலைக்கூடம். மீனாட்சி கோயிலில் உற்சவர் சிலையை அலங்காரத்தோடு தூரத்தில் பார்த்தே பழகியவர்கள் நாம். அங்கே பட்டும் பூவும் இல்லாமல், சோழர் காலத்துத் திருவாலங்காட்டு நடராசரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும்போது தூக்கிய பாதத்தின் விரல்கள் வரை தெரியும். அம்மாவுக்கு அங்கே ஒரு இருக்கை பிடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைத் திமிங்கல எலும்புக்கூடு இருக்கும் விலங்கியல் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குத் திரும்பி, நாலரை மணிக்கு மெரினா.

கடலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த கடல் இராமேசுவரம். அக்னி தீர்த்தத்தில் பாக் விரிகுடாவின் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும், பாட்டியும் பேரனும் கைகோத்து இடுப்பளவில் முங்கி எழலாம். அந்தப் பழக்கத்தோடு மெரினாவில் இறங்குகிறார்கள். அது திறந்த வங்கக் கடல். சில அடிகளிலேயே தரை சரிந்து ஆழமாகும். அலை வரும்போது தள்ளுவதைவிடத் திரும்பும்போது இழுப்பது பலம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே காலடி மண் கரைந்து குழி விழுவது தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் மோசம். அங்கே குளிக்கத் தடை இருக்கிறது, போலீசாரும் விரட்டுவார்கள், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் சாவு நடக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் ஈர மணலோடு நிற்கட்டும், ஆளுக்கு ஒரு பிள்ளையின் கையை நீங்களும் மனைவியும் பிடித்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுப்பதற்காகக்கூடக் கையை விட்டுவிடாதீர்கள். மாமல்லபுரத்துக் கடலும் இதே கடல்தான்.

அம்மாவுக்கு இருக்கும் சிக்கல் அலை அல்ல, மணல். சாலையிலிருந்து தண்ணீர் வரை அந்த மணல் மிக அகலம். கால் புதையப் புதைய நடப்பது முழங்காலுக்கு ஆகாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக மணல்மேல் ஒரு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகிப் பிறகு சரிசெய்யப்பட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மா அதில் கடலுக்கு அருகே போய் நிற்கலாம். ஆட்டோக்காரரிடம் ‘விவேகானந்தர் இல்லம்’ என்றே சொல்லுங்கள். வெறும் ‘மெரினா பீச்’ என்றால் வேறு எங்கேயாவது இறக்கிவிடுவார்.

இரண்டாம் நாள் மயிலாப்பூர். காலை ஏழு மணிக்குள் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மார்கழி என்பதால் விடியற்காலையிலிருந்தே மாட வீதிகளில் கோலமும் பாட்டும் இருக்கும், அம்மா அதை விரும்புவார். பழைய கோயில் கடற்கரை ஓரம் இருந்து போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அப்பர், சம்பந்தர் பாடிய மயிலைதான் அது என்பதில் ஐயமில்லை. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் அவ்வளவு பழையதல்ல. அங்கிருந்து சாந்தோம் தேவாலயம் கிட்டத்தில். பிறகு கலங்கரை விளக்கம். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் கடைசியில் சில படிகள் ஏற வேண்டும். அம்மாவும் மனைவியும் கீழே இருக்க, பிள்ளைகளை நீங்கள் மேலே கூட்டிப்போகலாம். ஊர் எப்படிக் கடலோரமாக நீண்டு கிடக்கிறது என்பது அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். பதினொன்றரைக்குள் அறைக்குத் திரும்புங்கள். சாயங்காலம் தியாகராய நகர் போவதும் விடுவதும் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் விட்டுவிடுவேன். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் கிடைக்காத துணி ரங்கநாதன் தெருவில் அதிகம் இல்லை, அந்த நெரிசலில் அம்மாவால் நிற்கவும் முடியாது. பதிலாக மெட்ரோவில் ஒரு சுற்று போய், சென்ட்ரல் நிலையத்தையும் ரிப்பன் மாளிகையையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டிவிட்டு வாருங்கள்.

மூன்றாம் நாள் அறையைக் காலி செய்து, பெட்டிகளை லாட்ஜிலேயே ஒப்படைத்துவிட்டுக் காரில் மாமல்லபுரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எட்டரைக்குள் போய்ச் சேரலாம், வெயில் ஏறுமுன் கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச் சீட்டு, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கியவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனைமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் நம் பாண்டியர் குடைந்த குகைக் கோயில்களைக் காட்டியிருந்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கரைக் கோயிலைக் கட்டியவன் இராசசிம்ம பல்லவன் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது; ரதங்கள் யார் காலத்தவை என்பதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது, வழிகாட்டிகள் சொல்வதை எல்லாம் முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம். திரும்பும் வழியில் முதலைப் பண்ணை. வண்டலூரையும் சேர்க்க நினைக்காதீர்கள், அதற்கு மட்டும் ஒரு முழு நாள் வேண்டும்.

அம்மாவின் முழங்காலைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பயணிகளைப் பார்த்து அறிந்தது, வைத்தியம் தெரிந்து சொன்னதல்ல. கிளம்புமுன் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவே வாங்கிக் கைப்பையில் வையுங்கள்; பெட்டியில் வைத்தால் இரவில் சீட்டுக்கு அடியிலிருந்து எடுக்க முடியாது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் எழும்பூர் திரும்பிவிட்டால் முகம் கழுவி, நிதானமாகச் சாப்பிட்டுப் பாண்டியனைப் பிடிக்கலாம். சனி விடியற்காலையில் மதுரையில் இறங்கியதும் பெரியார் நிலையம் வரை நடக்காமல் ஜங்ஷன் வாசலிலேயே ஆட்டோ வைத்து நேராக ஆரப்பாளையம் போங்கள். தேனி போகும் பஸ்களில் அந்த நேரத்தில் முன் சீட்டே கிடைக்கும், காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள்.